நான்காம் பாடத்து அறை

அத்தியாயம் ஒன்பது

போன வாரம், மாமியாரின் அறைச் சுவரில் மகன் சாக்பீஸால் கோடு போட்டதோடு நிறுத்தியிருந்தோம். அறைக்கும் பின்பக்கத்து பால்கனிக்கும் நடுவே இருக்கிற சுவர். அதை இடித்து, பால்கனியையும் உள்ளே சேர்த்து, அம்மாவுக்குப் பெரிய அறையாகக் கட்டித் தருவது என்று அவன் முடிவு செய்துவிட்டான். அம்மாவைக் கேட்டானா? அதெல்லாம் இல்லை. பாசம் தலைக்கேறினவர்கள் யாரையும் கேட்பதில்லை, நேரே செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மாமியாராவது வாயைத் திறந்தாரா என்றால், திறந்தார். "கோடு கோணலா போகுது பாரு" என்றார். அதோடு சரி.

வியாழக்கிழமை மதியம் கொத்தனார் வருவதாக ஏற்பாடு. நாம் இப்போது அந்த வியாழக்கிழமையில் இருக்கிறோம்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். மூடி உடைந்து போன கருவிப் பெட்டியைச் சிவப்பு நாடாவால் கட்டி எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பினான்.

"என்னங்க, கொத்தனார் வரும்போது நீங்க வீட்டுல இருக்க வேண்டாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"பாத்துக்கலாம்."

ஷூவை மாட்டிக்கொண்டே அம்மாவின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. எதையோ சொல்ல வந்தவன் போல நின்றான். அப்புறம் போய்விட்டான். சுவரைப் பற்றி யோசிக்கிறான் போலும் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

இந்தத் தொடரைப் பாதியில் பிடித்தவர்களுக்காக மருமகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு இணையவழிப் பாடங்கள் தயாரிக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேசையில் ஜன்னலோரப் பாதி அவளுடைய அலுவலகம், மீதிப் பாதியில் குடும்பம் சாப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது அவள் நடத்திக்கொண்டிருக்கிற படிப்பு, சின்ன வீடுகளில் அறைகளை எப்படி அமைப்பது என்பது. அதில் நான்காம் பாடத்துக்கு நல்ல படங்கள் தேவைப்பட்டன. எங்கெங்கோ தேடினாள். கடைசியில் படங்கள் பக்கத்து அறையிலேயே கிடைத்தன.

மாமியார் பெரிய ஃபர்னிச்சர் கடை ஒன்றில் காட்சி அறைகள் அமைத்தவர். மூன்று பக்கம் மட்டும் சுவர் வைத்து, கட்டில் போட்டு, விளக்கு மாட்டி, புத்தகம் அடுக்கி, யாரோ இப்போதுதான் எழுந்து வெளியே போன மாதிரி ஜோடித்து வைப்பார்களே, அந்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பிடித்த படங்களைச் சேர்த்து வைக்கிற ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கி, 'சின்ன அறைகள்' என்று பெயர் கொடுத்து ஒரு பலகையை நிரப்பிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள். வீட்டில் யாரும் தினமும் போய்ப் பார்ப்பதில்லை.

"அத்தை, உங்க போர்டை என் பாடத்துல வெச்சுக்கட்டுமா?" என்று மருமகள் அப்போது கேட்டிருந்தாள்.

"தாராளமா வெச்சுக்கோ. நானென்ன பூட்டியா வெச்சிருக்கேன்?"

மருமகள் படங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பாடத்தில் ஏற்றவில்லை. அப்படிச் செய்தால் பக்கம் கனத்துப் போகும், திறக்கவே யுகமாகும். அதனால், பலகையை அப்படியே வேறொரு பக்கத்தில் காட்டுகிற 'எம்பெட் கோட்' என்ற நிரல் துண்டை எடுத்துப் பாடப் பக்கத்தில் ஒட்டினாள். மொத்தப் பலகையும் பாடத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் ஒரு சௌகரியம் உண்டு. சொந்தக்காரர் அங்கே புதுப்படம் சேர்த்தால், இங்கே பாடத்திலும் தானாகத் தெரியும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை.

இந்தச் சௌகரியத்தை அவள் மாமியாரிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. அவள் தொழிலில் அது அரிச்சுவடி. மாமியாரின் தொழிலிலோ விஷயம் தலைகீழ். கேட்லாக்குக்குப் படம் பிடிக்கப் புகைப்படக்காரர் கடைக்கு வருவார், பிடித்துக்கொண்டு போவார். அப்புறம் அறையைக் கலைத்துப் போட்டாலும் கேட்லாக்கில் இருப்பது அப்படியேதான் இருக்கும். தன் பலகையையும் மருமகள் ஒருநாள் அப்படிப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள் என்று மாமியார் நிம்மதியாக இருந்தார்.

பாடத்தின் கடைசியில் ஒரு பயிற்சிக் கேள்வி இருந்தது. 'பலகையில் உள்ள படங்களைக் கவனியுங்கள். இவற்றைச் சேர்த்தவர் யாருக்காக அறையைத் தயார் செய்கிறார்? காரணத்துடன் எழுதுங்கள்.' இதை எழுதி முடித்த அன்று மருமகள் தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறை. அப்போது பலகையில் குழந்தை அறை, படிக்கிற அறை, விருந்தினர் அறை என்று எல்லாம் கலந்து கிடந்தது. யார் எதை எழுதினாலும் சரிதான்.

வியாழக்கிழமை காலை, தேநீரும் கையுமாக விடைகளைத் திருத்த உட்கார்ந்தாள்.

முதல் விடை: 'தனியாக வாழப்போகிற ஒரு பெண்மணிக்காக. எல்லாக் கட்டில்களும் ஒற்றைக் கட்டில்கள்.'

அடுத்தது: 'வயதானவர். முழங்கால் வலி இருக்கலாம். குனிந்து எடுக்கிற மாதிரி ஒரு பொருளும் இல்லை, அலமாரி எல்லாம் இடுப்பு உயரத்தில்.'

அதற்கடுத்தது: 'இதுவரை நிறையப் பேருக்கு நடுவில் வாழ்ந்தவர். ஒரே ஒரு நாற்காலிதான், அதுவும் கதவைப் பார்த்து இல்லை, ஜன்னலைப் பார்த்து. வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது போல.'

இன்னொருவர் துப்பறியும் நிபுணராக இருக்க வேண்டியவர், தவறிப்போய் இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். 'ஒரு படம் மட்டும் சாய்வாக, மங்கலாக இருக்கிறது. அது கடைப் படம் அல்ல, நிஜமான காலி அறை. திறந்த வாசலுக்கு வெளியே பச்சை நிற இரும்புக் கதவு தெரிகிறது, அலமாரியாக இருக்கும். ஆக, இவர் அறையைப் பார்த்து முடித்துவிட்டார். சீக்கிரம் குடிபோகிறார்.'

மருமகள் பாடத்தைத் திறந்தாள். பலகை நிறைய மாறியிருந்தது. குழந்தை அறையும் விருந்தினர் அறையும் கீழே எங்கோ போய்விட்டன. மேலே வரிசையாக ஒற்றைக் கட்டில், ஒற்றை அடுப்பு, சுவரில் மாட்டுகிற சின்ன மேசை. அந்த மங்கல் படத்தை அவள் பெரிதாக்கினாள். ஜன்னல் விளிம்பில் மெரூன் நிறத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. அந்தக் கூட்டைத் தேடித் தேடித்தான் இந்த வீட்டில் பாதி நாள் போகிறது.

நான் என்ன தப்பு செய்தேன் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அடுத்து, நான் என்ன குறை வைத்தேன் என்று கோபம் வந்தது. அப்புறம், உள்ளதைச் சொல்ல வேண்டும், முழு மேசையும் இனி எனக்குத்தான் என்று ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உடனே வெட்கமாகப் போய்விட்டது. இத்தனையும் நடந்து முடிந்தபோதும் தேநீர் சூடாகவே இருந்தது.

நான்காம் பாடத்தை மாணவர்கள் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, எழுந்து போய் மாமியாரின் கதவைத் தட்டினாள்.

"உள்ள வரலாமா அத்தை?"

"இது என்ன புதுப் பழக்கம்? வா."

மாமியார் கட்டிலில் உட்கார்ந்து திரைச்சீலை ஒன்றுக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் சாக்பீஸ் கோடு, கோணலாக. மருமகள் திரைச்சீலையைப் பார்த்தாள், இந்த அறையின் ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த ஜன்னலுக்கு அது பாதிகூடப் பத்தாதே அத்தை."

ஊசி நின்றது.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. பாடத்துல பாத்தேன்."

"எந்தப் பாடத்துல?"

மருமகள் விளக்கினாள். கேட்கக் கேட்க மாமியாரின் முகம் மாறியது.

"இரு இரு. நீ அப்பவே எடுத்துட்டுப் போயிட்டல்ல?"

"எடுத்துட்டுப் போறதில்ல அத்தை. அது ஒரு ஜன்னல் மாதிரி. நீங்க அங்க எதை மாத்தினாலும் இங்க தெரியும்."

"அப்போ நான் திங்கக்கிழமை போட்டது?"

"வந்துடுச்சு."

"நேத்துப் போட்ட அடுப்பு?"

"அதுவும்தான்."

"எத்தனை பேர் படிக்கறாங்க?"

"முந்நூறு பேருக்கு மேல."

"அடிப்பாவி! நான் ஒருத்தி இருக்கறதுக்குன்னு ஒரு ரூம் பாத்தா, அதுக்குள்ள ஊரையே கூட்டிட்டு வந்து நிறுத்திட்டியேடி!"

மாமியார் அவளை 'டி' போட்டது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாக 'வாம்மா, போம்மா' தான். கோபத்தில் வந்த வார்த்தை என்றாலும் மருமகளுக்கு அது ஏனோ பிடித்திருந்தது.

"தப்புதான் அத்தை. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். இப்போ மறைச்சுட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "நான் ஏதாவது மனசு நோகற மாதிரி..."

"ஆரம்பிச்சுட்டியா? சண்டை போட்டாத்தான் வீட்டை விட்டுக் கிளம்பணும்னு சட்டமா என்ன? எனக்கு உன்மேல ஒரு வருத்தமும் இல்ல. நீ வைக்கற காபி மட்டும் சுமார்."

"அத்தை!"

"நெஜமாத்தான் சொல்றேன். எங்கப்பா வீட்டுல இருந்தேன். அப்புறம் அவர் வீடு. இப்போ மகன் வீடு. கடையில எத்தனை ரூம் ஜோடிச்சிருப்பேன்! ஒண்ணுலயாவது படுத்துத் தூங்கியிருக்கேனா? ஒரு கதவை நானே பூட்டி, சாவியை என் பையில போட்டுட்டு வெளிய போகணும். திரும்பி வந்தா, வெச்சது வெச்ச எடத்துல இருக்கணும். இவ்வளவுதான் ஆசை. இது ஒரு குத்தமா?"

குற்றம் இல்லை. மருமகளுக்கும் அது புரிந்தது. சாப்பாட்டு மேசையில் பாதியை மட்டும் ஆண்டுகொண்டிருப்பவளுக்குப் புரியாமல் இருக்குமா?

"இவர்கிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

"சாவியை வாங்கினப்புறம். அதுக்கு முன்னாடி சொன்னா நான் போன மாதிரிதான். ரெண்டு வாரம் என் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வரேன்னு சொன்னதுக்கே அவன் கண்ணு கலங்கிப்போச்சு, ஞாபகம் இருக்கா? அவன் கண்ணுல தண்ணியைப் பாத்தா நான் பெட்டியைப் பிரிச்சுடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்." திரைச்சீலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "எங்க கடையில கேஷியரா இருந்தவதான் வீட்டுக்காரி. இன்னைக்கு ஆறு மணி வரைக்கும்தான் ரூமை எனக்காக நிறுத்தி வெச்சிருக்கா. அதுக்குள்ள போய் சரின்னு சொல்லணும். நீயும் கூட வா. அதுவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாத."

"விடமாட்டேன்."

மாமியார் ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஆமா... என்ன எழுதியிருக்காங்க?"

மருமகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமியார் கண்ணாடிக் கூட்டைத் தேடினார். தலையணைக்கு அடியில் இருந்தது. முதல் சில விடைகளைப் படித்தார். முழங்கால் வலி என்று எழுதினவரை "கெட்டிக்காரி" என்றார். நாற்காலியைப் பற்றி எழுதினவரை, "இவனுக்கு ரொம்பத்தான் வாய்" என்றார். ஆனால் படித்துக்கொண்டே போகப் போக உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"கட்டிலை ஏன் வெளிச்சத்துக்குக் குறுக்கால போட்டிருக்கேன்னு ஒருத்தருமே கேக்கலையே! அதானே அந்த ரூமோட விசேஷமே? என்ன சொல்லிக் குடுக்கற நீ?"

"அது அஞ்சாம் பாடத்துல வருது அத்தை."

"முதல்ல பாடத்தைத் திறந்து விடு."

"என்ன அத்தை சொல்றீங்க? இப்பதானே ஊரைக் கூட்டிட்டேன்னு கத்தினீங்க?"

"அது அப்போ. கடை திறந்திருக்கற நேரத்துல ஜோடிச்ச ரூமுக்குத் திரை போடக் கூடாது, பாக்க வந்தவங்க என்ன நினைப்பாங்க? அவங்களுக்கு என்னை யாருன்னு தெரியுமா? தெரியாது. பாத்துட்டுப் போகட்டும்."

மருமகளுக்கு ஒரே ஒரு பயம் மிச்சம் இருந்தது. பாடங்களைத் தயாரித்தபோது, கைப்பேசியில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவள் தன் கணவனுக்கு ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுத்திருந்தாள். பெயர் 'சோதனை மாணவர்'. அவன் ஒரு தடவை திறந்து, "நல்லா இருக்கு" என்று சொல்லி மூடினான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. லிஃப்ட் சம்பந்தப்படாத எதையும் அவன் இரண்டாவது தடவை படித்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் துணிந்து நான்காம் பாடத்தை மறுபடியும் திறந்துவிட்டாள்.

மதியம் இரண்டு மணி ஆனது. கொத்தனார் வரவில்லை. இரண்டரை ஆனது. மகனுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அப்படித்தான், சிக்னல் கிடைக்காது.

"கொத்தனார் சொன்ன நேரத்துக்கு வராம இருந்ததுக்கு நான் சந்தோஷப்பட்டது இன்னைக்குத்தான்" என்றார் மாமியார். அதோடு போய்ப் புடவை மாற்ற ஆரம்பித்தார். இரண்டு புடவைகளை எடுத்துப் பார்த்து, மூன்றாவதைக் கட்டிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு மேல் டாக்சியில் போகும்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"ஒரு சிக்கல் இருக்கு. ரூம் நாலாவது மாடி."

"லிஃப்ட் இல்லையா அத்தை?"

"இருக்கு, பேருக்கு இருக்கு. போன தடவை ரெண்டாவது மாடிக்கு மேல போய் அந்தரத்துல நின்னுடுச்சு. நானும் கேஷியரும் உள்ள. அவ போட்ட சத்தத்துல எதிர்க் கட்டடத்துல இருந்தெல்லாம் எட்டிப் பாத்தாங்க. அது ஓடாத நாள்ல படியேறிக்கலாம்னா, என் முட்டி நாலு மாடி ஏறுமா?"

மருமகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெற்ற மகன் லிஃப்ட் மெக்கானிக், அம்மாவுக்குத் தடையாக நிற்பது ஒரு லிஃப்ட். ஒரு வார்த்தை சொன்னால் ஓடி வந்து சரி செய்துவிடுவான். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது.

"அப்போ என்ன பண்றது அத்தை?"

"முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு லிஃப்ட் ஒழுங்கா மேல போச்சுன்னா ரூம் என்னுது. நின்னுடுச்சுன்னா, எனக்குக் கொடுத்து வெக்கலன்னு வீட்டுக்கு வந்துடறேன். அவன் சுவத்தை இடிக்கட்டும், நான் அந்தப் பெரிய ரூம்ல கெடந்துட்டுப் போறேன்." மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "இதுக்கு மேல ஆசைப்பட எனக்குத் தெம்பு இல்ல."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். காலையில் முழு மேசைக்கு ஆசைப்பட்ட மருமகள், இப்போது அந்த லிஃப்ட் ஓட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். மேசைக்காக இல்லை.

கட்டடம் பழசு. கீழே மருந்துக்கடை, பக்கத்தில் படிக்கட்டு, படிக்கட்டை ஒட்டி லிஃப்ட். அதன் வெளிக்கதவு பச்சை நிற இரும்புக் கதவு. அந்தத் துப்பறியும் மாணவர் அலமாரி என்று எழுதியிருந்தது நான்காவது மாடியில் உள்ள இதே மாதிரிக் கதவைத்தான்.

கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு கருவிப் பெட்டி. மூடி உடைந்து, சிவப்பு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் நின்றுவிட்டார். மருமகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளிப்பக்கத்துப் பொத்தான் பலகையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தான் மகன். அவர்கள் வந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். திருகாணியைச் சுற்றிக்கொண்டே பேசினான்.

"பச்சைக் கதவு போட்ட லிஃப்ட் எங்க கம்பெனி கையில இது ஒண்ணுதான்மா. போட்டோவைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு."

"எந்த போட்டோடா?"

"நாலாம் பாடம்."

"நீங்கதான் அதைத் திறக்கறதே இல்லையே!" என்றாள் மருமகள்.

"சுவத்தை இடிச்சுட்டு உள்ள எப்படிக் கட்டினா அம்மாவுக்குப் பிடிக்கும்னு பாக்கலாம்னு திறந்தேன். செவ்வாய்க்கிழமை." திருகாணி இறுகிவிட்டது, ஆனாலும் சுற்றினான். "கொத்தனாரை நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவது மாடிக்கு மேல இடறிட்டு இருந்துச்சு. காலையில இருந்து அதைத்தான் பாத்தேன். இனிமே இடறாது. ஏறும்மா."

"கொஞ்சம் திரும்பேன்டா."

"வேலை இருக்கும்மா. நீ ஏறு. ஆறு மணிக்குள்ள போகணும்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க."

அவன் திரும்பவே இல்லை. அம்மாவுக்குத் தன்னைப் பற்றித் தெரியும் என்றால், அவனுக்கும் அம்மாவைப் பற்றித் தெரியும்.

மாமியார் கிட்டே போனார். மகனின் சட்டைக் காலர் பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. அதை நிமிர்த்திச் சரி செய்தார். கை அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தது. அப்புறம் லிஃப்டுக்குள் போய், பச்சைக் கதவைத் தானே இழுத்துச் சாத்தி, நாலாவது பொத்தானை அழுத்தினார். மருமகள் கூடப் போகவில்லை. போகக் கூடாது என்று அவளுக்கே தோன்றியது.

லிஃப்ட் கிளம்பியது. இருவரும் அண்ணாந்து சத்தத்தைக் கேட்டார்கள். முதல் மாடி. இரண்டாவது மாடி. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். சத்தம் கொஞ்சமும் மாறாமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. நாலாவது மாடியில் கதவு திறந்து சாத்தப்பட்டது கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் திரும்பினான். கண் இரண்டும் சிவந்து, கன்னத்தில் கிரீஸ் தீற்றியிருந்தது. மறைக்க இனி ஒன்றும் இல்லை. அவன் அழுதான். மருமகள் பக்கத்தில் போய் நின்றாள்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும், "விடையும் எழுதினேன்" என்றான். "நீ பாக்கலையா?"

சோதனைக் கணக்கின் விடைகள் மற்றவற்றோடு சேராமல் தனியாக அடியில் போய் நிற்கும். அவள் அங்கே போய்ப் பார்ப்பதே இல்லை. இப்போது கைப்பேசியில் பார்த்தாள்.

'என் அம்மாவுக்காக. காரணம், ஜன்னலில் இருக்கிற கண்ணாடிக் கூடு நான் வாங்கிக் கொடுத்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தேன். ஒன்றுதான்.'

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"எத்தனை மார்க்?" என்று கேட்டான்.

"காரணம் எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க" என்றாள்.

விடையை மூடினால் பாடப்பக்கம் வந்தது. பலகையின் மேல்வரிசையில், சற்று முன்பு இல்லாத ஒரு படம் வந்து நின்றது. அவள் அதைப் பெரிதாக்கி அவனிடம் காட்டினாள்.

ஒரு நாற்காலி. மடக்கு நாற்காலி. வேண்டாதபோது சுவரில் மாட்டி வைக்கிற வகை.

பலகையில் எதை வைத்தாலும் மறுநிமிடமே நான்காம் பாடத்தில் தெரியும் என்று மாமியாருக்கு இப்போது நன்றாகவே தெரியும். யார் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும்.

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எனக்கா?"

"பரீட்சை எழுதினது நீங்க. நீங்களே சொல்லுங்க."

"மடக்கு நாற்காலி போட்டிருக்கு."

"ஆமா. வந்தா உக்காரலாம். அங்கேயே டேரா போட முடியாது."

அவன் சிரித்தான். அழுத முகத்தோடு சிரித்ததால் பார்க்கக் கோரமாக இருந்தது. அந்த நேரத்தில் லிஃப்ட் சத்தம் கேட்டது. நாலாவது மாடியிலிருந்து இறங்கி வந்து, இருவருக்கும் முன்னால் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. மேலே நின்றுகொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டுப் பொத்தானை அழுத்தி, கதவைச் சாத்திவிட்டால்தான் லிஃப்ட் இப்படிக் காலியாக வரும். இது அவன் தொழில், அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மருந்துக்கடைச் சுவர்க் கடிகாரத்தில் ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சாவி இன்னும் கைமாறியிருக்காது. அவன் பச்சைக் கதவைத் திறந்து, பழைய துணியால் கையைத் துடைத்தான். கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கை இருக்கட்டும்" என்று மருமகள் தன் துப்பட்டா முனையை அவன் பக்கம் நீட்டினாள். "முதல்ல கண்ணைத் துடைங்க. நல்லாத் துடைச்சுட்டு அப்புறம் மேல போங்க."